பெருமாள் பெயர்மேல் விழுந்த முத்திரை

நல்லதாக நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். எங்கள் கல்லூரி நூலகத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். தர்மபுரியில் அந்த நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எனக்குப் பிறகு நூலகராக வந்த கவிதா வீடு தேடி வந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒன்ன எழுதுங்க. படிக்கிறவங்க சந்தோஷப்படணும்ங்க" என்றாள். மறக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் படித்து யாரும் சந்தோஷப்பட வழியில்லை. வேண்டுமானால் போடட்டும், வேண்டாமென்றால் கிழித்துப் போடட்டும்.

அதைக் கிளறிவிட்டதும் கவிதாதான். போன மாதம் போன் செய்தாள். நூலகத்து மாடி அறையில் ஒரு பீரோ நிறையப் பழைய படங்கள் இருக்கின்றன. ராகிக் கதிரில் விழும் குலைநோய், மாம்பூவை உறிஞ்சும் தத்துப்பூச்சி, தக்காளியைத் துளைக்கும் புழு, இப்படி நூற்று எண்பத்து நான்கு படங்கள். எல்லாம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் பார்த்து வாயடைத்துப்போய், அறிவியல் ஓவியக் கண்காட்சியில் வைக்கக் கேட்டிருக்கிறார்.

"ஸ்கேன் எல்லாம் முடிஞ்சுதுங்க மேடம். படத்துக்குக் கீழ ஒரு அட்டை வைக்கணுமாம். யாரு வரைஞ்சதுன்னு எதுலயும் இல்லீங்க. 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை'ன்னு போட்டுடச் சொல்லட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தெரியலன்னு யாருடி சொன்னது? மாரண்டஹள்ளி பெருமாள் வரைஞ்சது. எழுதிக்கோ, மு. பெருமாள்!" என்று கத்தினேன்.

"எழுதிக்கிறேங்க மேடம்" என்றாள் பயந்துபோய். "ஆனா அவங்க ஏதாச்சும் ஆதாரம் கேப்பாங்களேங்க."

அந்த ஆதாரம் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் இண்டூர்க்காரி. ராகியும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம், ஐந்து பெண்கள். படித்த கதையும் வேலைக்கு அலைந்த கதையும் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், அதை விடுங்கள். தற்காலிகமாக ஐந்து வருஷம் ஓட்டி, கடைசியில் உதவி நூலகராக நிரந்தர வேலை கிடைத்தது. அதிலும் இரண்டு வருஷம் தகுதிகாண் காலம். அது முடியும்போது தலைமை நூலகர் 'திருப்தி' என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். இதை இங்கேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

தலைமை நூலகர் சபாபதி சார். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் எழுந்துபோய்க் கை கழுவி வருவார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டபிறகுதான் உட்காருவார். முத்திரைக் கட்டையையும் மைப் பெட்டியையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொள்வார். நான் எழுதியதில் தப்பு இருந்தால் திட்டமாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பதிவேட்டை என் மேசைக்குத் திருப்பி அனுப்புவார். என்ன தப்பு என்று நானேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கும். அந்தப் புள்ளிக்கு நான் நடுங்கிய மாதிரி எங்கள் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூட நடுங்கியதில்லை.

புத்தகம் ஒன்று உள்ளே வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பக்கங்களை எண்ண வேண்டும். தலைப்புப் பக்கத்தில் முத்திரை, கடைசிப் பக்கத்தில் முத்திரை, அப்புறம் ரகசியப் பக்கத்தில் முத்திரை. ரகசியப் பக்கம் என்பது ஒவ்வொரு நூலகமும் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு எண். திருடுகிறவன் முன்னாலும் பின்னாலும் கிழித்து எறிந்தாலும், நடுவில் இருக்கும் அந்தப் பக்கம் புத்தகம் யாருடையது என்று சொல்லிவிடும். எங்கள் எண்ணை சார் எனக்குச் சொன்னது நான் நிரந்தரமாகி ஆறு மாதம் கழித்து, அதுவும் கதவைச் சாத்திவிட்டு. என் கணவரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

வரைபடம் மாதிரி ஒற்றைத் தாளாக வருவதற்குத் தனி விதி. முத்திரை முகப்பிலேயே விழ வேண்டும். வலது கீழ்மூலையில், ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி. ஓரமாகக் குத்தினால் கத்தரித்துவிடுவார்கள், பின்பக்கம் குத்தினால் தாள் ஒட்டி மறைத்துவிடுவார்கள் என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பு வேலை பார்த்த ஊரில் முத்திரையில்லாத நிலப்படங்கள் காணாமல்போய், விசாரணை வைத்து, அவரை எட்டு மாதம் வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பெருமாள் வந்து சேர்ந்தார்.

மாம்பழம் அடுக்கும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி இரண்டு கையாலும் அணைத்தபடி நின்றார். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். கண்டக்டர் பெட்டியை மேலே போடச் சொன்னதற்கு மாட்டேன் என்று, தர்மபுரி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா, இங்க படம் வாங்கிக்குவீங்களாங்க?" என்றார். நான் டீச்சர் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், அப்புறமும் சொன்னேன். அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

பெட்டியைத் திறந்தார். செய்தித்தாளுக்கு நடுவில் ஒவ்வொரு படமாக வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டிருந்தார். முதல் படம் ராகிக் கதிர். குலைநோய் விழுந்து கழுத்தில் கறுத்துத் தொங்குகிற கதிர். எங்கள் அப்பா வயலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்ட அதே கதிர். கதிர் ஓரத்தில் வாடின மணிக்கும் நல்ல மணிக்கும் நிறம் எந்த இடத்தில் பிரிகிறதென்று விரலை வைத்துக் காட்டலாம். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

வேளாண்மை தொடர்பான ஒரு அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விவசாயிகளுக்குக் கொடுக்கிற துண்டுப் பிரசுரத்துக்கும், சுவரில் மாட்டுகிற அட்டைக்கும் வரைவதுதான் வேலை. வயலிலேயே உட்கார்ந்து வரைவாராம். "பறிச்ச எல பொய் சொல்லும்ங்க" என்றார். "அரை மணி நேரத்துல அதும் நெறமே மாறிப்போவும். செடியிலயே இருக்கச்சொல்ல பாத்துப் போட்றணும்ங்க. வெயிலு உச்சிக்கு வந்துட்டா தூரிகைய மூடிப்புடுவேன்." அச்சுக்குப் போன பிறகு குப்பையில் போட இருந்த மூலப் படங்களை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார்.

பிரசுரத்தில் அலுவலகத்தின் பெயர் இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. அதுதான் அந்த மனுஷனின் வயிற்றெரிச்சல். "எங்கூரு சொசைட்டி சுவத்துல நான் வரைஞ்ச தத்துப்பூச்சி மாட்டியிருக்குதுங்க. எம் பங்காளி ராஜமாணிக்கம் இருக்கானே, அச்சுல வந்தது எப்படிடா நீ வரைஞ்சதாவும்னு ஊரக்கூட்டிச் சிரிக்கிறான். எம்மவனும் கூடச் சேந்து சிரிக்கிறான். எனக்குப் பைசா வேண்டாம்ங்க. இங்க வெச்சீங்கன்னா எம்பேரு இருக்கணும். அது ஒன்னுதான்."

அதைக் கடிதமாக எழுதித் தரச் சொன்னார் சார். இந்தப் படங்களை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தருகிறேன், வரைந்தவன் நான் என்பதை நூலகம் பதிவு செய்ய வேண்டும் என்று பெருமாள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் படத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். வலது கீழ்மூலையில் பொடி எழுத்தில் 'மு. பெருமாள், மாரண்டஹள்ளி' என்று இருந்தது. "படம் முடிஞ்சதும் தூரிகையில மிச்சம் நிக்குதுங்களே கலரு, அதுல எழுதினது. ஆபீஸ்ல அச்சடிக்கச்சொல்ல இத வெட்டிட்டுத்தான் அடிப்பாங்க. நீங்க வெட்ட மாட்டீங்கதானே?" என்றார்.

"வெட்ட மாட்டோம்ங்க" என்றேன். வெட்டவில்லைதான்.

மறுநாள் பதிவு செய்ய உட்கார்ந்தோம். நூலகத்துக்கு வருவதையெல்லாம் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரில் ஆசிரியர் என்று ஒரு கட்டம் உண்டு. பெருமாள் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். சார் கையால் தடுத்தார். "வேலையில இருக்கும்போது வரைஞ்சது. அதனால ஆசிரியர் அலுவலகம்தான். நாளைக்கு அவங்க வந்து கேட்டா நாம பதில் சொல்லணும்."

"லெட்டர்ல கேட்டிருக்காருங்களே சார்."

"லெட்டர் ஃபைல்ல இருக்கும் புஷ்பம். பேரு அதுல இருக்கு, எங்கயும் போயிடாது."

அலுவலகம் என்று எழுதினேன். நூற்று எண்பத்து நான்கு வரியிலும் அதையே, என் முத்து முத்தான கையெழுத்தில். அப்புறம் சார் பூட்டைத் திறந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தார். நீள்வட்ட முத்திரை, மேலே கல்லூரிப் பெயர், நடுவில் வரிசை எண் எழுத வெற்றிடம். அவருக்கு ஏதோ கூட்டம் இருந்தது. ஸ்கேலால் இரண்டு விரல் தூரத்தை அளந்து காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ராகிக் கதிரில் குத்தினேன். முத்திரை நேராக அந்தப் பெயரின்மேல் விழுந்தது. வாட்டர் கலரில் எழுதிய எழுத்தல்லவா, ஊதா மை பட்டதும் கரைய ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்க, 'பெ' போயிற்று, 'ரு' போயிற்று. மை உலர்ந்ததும் நடுவில் எண்ணை எழுத வேண்டும், எழுதினேன். பெயர் இருந்த இடத்தில் எண் வந்துவிட்டது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். இரண்டு விரலுக்குப் பதில் நாலு விரல் தள்ளிக் குத்தியிருக்கலாம், இடது பக்கம் குத்தியிருக்கலாம். சார் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அறையில் யாருமே இல்லை. தகுதிகாண் காலம் முடிய ஏழு வாரம் இருந்தது. மூலை மாறி விழுந்தால் புள்ளி விழும், புள்ளி விழுந்தால் 'திருப்தி' விழாது என்று என் மனசு கணக்குப் போட்டது. விதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து மிச்சம் நூற்று எண்பத்து மூன்றிலும் குத்தி முடித்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் குத்தினேன்.

சார் வந்து பார்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ஒன்னுகூடக் கோணல் இல்ல புஷ்பம்" என்றார். அவருடைய வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட நிற்கவில்லை. சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேலதிகாரி சொன்னதச் செஞ்சிருக்கீங்க. இது பாவத்துல சேராதும்மா" என்றார். பாவத்தில் சேராததற்கு மன்னிப்பும் கிடையாது. அன்றிலிருந்து அது என்னிடமே இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்துப் பெருமாள் வந்தார். தனியாக வரவில்லை. கூடவே வெற்றிலை மென்றபடி தடியாக ஒரு ஆள். "இவன்தாங்க ராஜமாணிக்கம், எம் பங்காளி. இவனுக்கு எம்பேரக் காட்டணும்ங்க டீச்சரம்மா. இழு இழுன்னு இழுத்துட்டு வந்திருக்கறேன்" என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. படம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஆயிற்று. அந்தப் புத்தியும் வரவில்லை. ராகிக் கதிரை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

பெருமாள் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வலது மூலையில் வைத்தார். அப்புறம் அடுத்த படம் கேட்டார். கொடுத்தேன். அதற்கடுத்தது கேட்டார். மூன்றாவதற்குமேல் கேட்கவில்லை.

"எங்கடா உம்பேரு?" என்றார் ராஜமாணிக்கம்.

"இருக்குது. சீலுக்கு அடியில இருக்குது."

"சீலுக்கு அடியில!" ராஜமாணிக்கம் வாயில் இருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். "ஏம்பா, ரெண்டு பஸ்ஸு மாறி இத்தினி தூரம் கூட்டியாந்து இதத்தான் காட்டுறியா? சர்க்காரு படத்துக்கு சர்க்காரு சீலு போட்டிருக்குது. உனக்கு எதுக்குடா இந்த வெட்டி வீராப்பு?"

நான் வாயைத் திறந்தேன். 'அவர் வரைஞ்சதுதாங்க, என் கண்ணால பேரப் பாத்தேன், நான்தான் குத்தினேன்' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சபாபதி சார் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 'திருப்தி' எழுதி முடித்து என் வேலை நிலைத்துப்போய் ஐந்து மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. இனி எனக்கு என்ன பயம்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பயம் பழகிவிட்டால் காரணம்கூடத் தேவைப்படாது போலிருக்கிறது.

பெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "சீலு நல்லா நேரா வுழுந்திருக்குதுங்க டீச்சரம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு முன்னால் நான் தலைகுனிந்து நிற்க வேண்டாமென்று சொன்னார். "வாடா, மூணு மணி வண்டியப் புடிக்கலாம்" என்று பங்காளியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அதன்பிறகு அவர் நூலகத்துப் பக்கம் வரவேயில்லை. நாலைந்து வருஷம் கழித்துப் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா டீச்சரம்மா? வூட்ல எல்லாரும் சௌரியங்களா?" என்று கேட்டார். இப்போது வரைகிறீர்களா என்று கேட்டேன். "கண்ணு தெரியலீங்க" என்றார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இல்லை. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சாவுக்கும் நான் போகவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இப்போது கவிதா ஆதாரம் கேட்டதும் எனக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. என் கையால் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட கடிதம். 'பேரு அதுல இருக்கு, எங்கயும் போயிடாது' என்று சார் சொன்ன கடிதம். சார் காலமாகிவிட்டார், ஆனால் சொன்ன சொல் நிற்குமல்லவா? "இதர கடிதங்கள்னு ஒரு ஃபைல் இருக்கும், தேடிப் பாரு. மாடி அறையில இடது பக்கத்து ரேக்கு" என்றேன். அன்று மாலை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்தாவது அந்தப் பெயர் வெளியே வந்துவிடும் என்று, சின்னப் பிள்ளை மாதிரி எனக்கு ஆசை வந்துவிட்டது.

கவிதா மறுநாள்தான் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், அந்த ஃபைலு இல்லீங்க. பழைய ஃபைல் கழிச்ச லிஸ்ட்ல வந்திருக்குதுங்க. 'இதர கடிதங்கள், தேவையில்லை'ன்னு போட்டிருக்குது."

"எந்தப் புண்ணியவான் போட்டது?"

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லு கவிதா. யாரு கையெழுத்து?"

"உங்களுதுங்க மேடம்."

நான் தலைமை நூலகராக இருந்த காலத்தில் எலி கடித்த கோப்புகளை ஒழித்தோம். நாற்பது ஐம்பது தலைப்புகளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்தார்கள். படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில்கூட எனக்குப் பென்சில் புள்ளி வைக்க அப்போது ஆளில்லை. முத்திரை குத்தியது நான், பதிவேட்டில் மாற்றி எழுதியது நான், கடிதத்தைக் குப்பைக்கு அனுப்பியதும் நான். சபாபதி சாரை இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அவருடைய கைரேகை எதிலும் இல்லை.

கண்காட்சிக்காரர்களிடம் நானே பேசினேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். "நீங்க சொல்றத நம்புறோம்மா, ஆனா பதிவேட்டுல அலுவலகம்னுதான் தெளிவா இருக்கு, ஆள் பேரு இல்ல. எழுத்து அவ்வளவு அழகா இருக்கு, திருத்தல்கூட இல்ல" என்றார்கள். அட்டை அச்சாகிவிட்டது. 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை.' மாரண்டஹள்ளியில் ராஜமாணிக்கம் உயிரோடுதான் இருக்கிறாராம். இதைக் கேட்டால் இன்னொரு தடவை சிரிப்பார்.

கவிதா, நீ நல்லதாக நாலு விஷயம் கேட்டாய். என்னிடம் இருப்பது ஒரு பெயர்தான். ராகிக் கதிரும், தத்துப்பூச்சியும், தக்காளிப் புழுவும், அந்த நூற்று எண்பத்து நான்கு படங்களும் வரைந்தவர் மு. பெருமாள், மாரண்டஹள்ளி. இந்த மலர் அச்சாகி வந்ததும் நம் நூலகத்துக்கும் ஒரு பிரதி வரும். நீ முத்திரையை எடுத்துக்கொண்டு உட்காருவாய், உட்காரத்தான் வேண்டும். நம் ரகசியப் பக்கம் முப்பத்தேழு. எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. இந்தக் கட்டுரை முப்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் வராமல் பார்த்துக்கொள்.